ஹெட்மாஸ்டர் ஏறினால் மணி அடிக்கும்

இதில் வருவதெல்லாம் நடந்தது. சத்தியம் பண்ணிச் சொல்லலாம் என்றால், சத்தியம் பண்ணுவதே தப்பு என்பார் எங்கள் போதகர். ஆகையால் வலது கையைப் பாதி உயரத்துக்கு மட்டும் தூக்கி, முகத்தைக் கொஞ்சமும் அசைக்காமல் சொல்கிறேன்: ஒரு கிலோகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எடை விஷயத்தில் நாங்கள் விளையாடுவதில்லை.

எட்டு மாடிக் கட்டடம். பழைய லிஃப்ட், மடக்கு கேட், பின்பக்கம் கம்பி வலை, உள்ளே ஒரு பித்தளைத் தகடு: எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ. அதற்கு மேல் ஒரு பூனை ஏறினாலும் மணி அடிக்கும். எட்டாவது மாடியில் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர், சபையில் ஞாயிறு வகுப்பு நடத்துகிறவர். ஒல்லியான மனிதர். செருப்போடு நிறுத்தினால் அறுபத்திரண்டு கிலோ.

ஒரு திங்கட்கிழமை காலையில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வந்து தனியாக லிஃப்டில் ஏறினார். மணி அடித்தது. இறங்கினார், நின்றது. ஏறினார், அடித்தது. வாட்ச்மேன் எனக்குப் போன் போட்டான்.

"அண்ணே, லிஃப்ட் ஹெட்மாஸ்டரை மட்டும் ஏத்த மாட்டேங்குது."

"மத்தவங்களை?"

"இப்பத்தான் ஏழு பேரும் ஒரு பீரோவும் போச்சு."

போய்ப் பார்த்தேன். சோதனைக்கென்று எங்களிடம் இருபது கிலோ இரும்புக் கட்டிகள் உண்டு. இருபத்தேழு கட்டிகளை ஏற்றினேன். லிஃப்ட் மூச்சு விடாமல் மேலே போய் வந்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, "சார், ஏறுங்க" என்றேன். ஒரு காலை வைத்தார். மணி. எடை காட்டும் மீட்டரைப் பார்த்தேன்: இரண்டாயிரத்து நூற்றுப் பத்து கிலோ. ஒரு காலுக்கு.

"உன் மெஷின் ரிப்பேர்" என்றார்.

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்ப நான் ரிப்பேரா?"

நான் குனிந்து இரும்புக் கட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். மெக்கானிக்குக்குத் தன் எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

படியேறலாமே என்பீர்கள். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன; பத்துப் படிக்கு மேல் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி என்று நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினோம். தரையில் பஞ்சு மாதிரி வந்தார். முதல் படியில் காலை வைத்ததும் நால்வருக்கும் கண் பிதுங்கிவிட்டது. இறக்கினோம். தரையில் மறுபடி பஞ்சு. அந்த மனிதர் நடந்தால் அறுபத்திரண்டு கிலோ; மேலே போக நினைத்தால்தான் கனம். அதாவது வீட்டுக்குப் போக வழியில்லை.

அன்றிலிருந்து ஹெட்மாஸ்டர் கீழே, நுழைவுக் கூடத்தில், வாட்ச்மேனின் பெஞ்சில் குடித்தனம். அவருடைய மனைவி எட்டாவது மாடி பால்கனியிலிருந்து சாப்பாட்டை வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்குவார். லிஃப்டில் கொடுத்தனுப்பலாம் இல்லையா என்று கேட்டேன். வாட்ச்மேன் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினான். 'லிஃப்டில் உணவுப் பொருட்கள் எடுத்துச் செல்லக் கூடாது. மீறினால் நடவடிக்கை. செயலாளர்.' கீழே ஹெட்மாஸ்டர் கையெழுத்து, சிவப்பு மையில்.

"இத எடுத்துடட்டுமா சார்?" என்றான் வாட்ச்மேன்.

"விதி விதிதான்" என்று சொல்லிவிட்டு வாளியைப் பிடிக்க வெளியே ஓடினார்.

வாட்ச்மேனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் முன்னாளில் பிக்பாக்கெட். ஒளித்துச் சொல்கிற விஷயமில்லை, அவனே வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அவனை வேலைக்கு வைக்கும்போது கூட்டத்தில் எழுந்து எதிர்த்தவர் ஹெட்மாஸ்டர் ஒருவர்தான். அவன் லிஃப்டில் ஏறினால் மீட்டர் நகராது. தொண்ணூறு கிலோ ஆள், முள் பூஜ்யத்தில் நிற்கும். இருமுறை மீட்டரைக் கழற்றித் துடைத்தேன். அப்போதும் பூஜ்யம்.

"இவன் எத்தனை பேர் பையில கைவிட்டிருக்கான் தெரியுமா? இவனுக்கு எப்படி பூஜ்யம்?" ஹெட்மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு மட்டும் எப்படி சார் தெரியும்?" என்றான் அவன். "என்னால இதத் தூக்கிட்டு நடக்க முடியல சாமின்னு ஒரு நாள் கீழ போட்டேன். அப்புறம் போய்ப் பாத்தா அந்த இடத்துல இல்ல. யாரோ எடுத்துட்டாங்க."

"உன்கிட்டயேவா?"

"ஆமா சார். என்கிட்டயே அடிச்சுட்டாங்க."

விஷயம் போதகர் காதுக்குப் போயிற்று; செவ்வாய்க்கிழமை அவர் வந்து சேர்ந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்மாஸ்டரின் முழங்கையைத் தொட்டார்.

"எல்லா மனுஷனும் பாவிதான், ஹெட்மாஸ்டர். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல."

"அது பொதுவா சொல்றது, போதகரே. ஞாயிறு வகுப்புல நானே சொல்லிக் குடுக்கறேன். அதுக்காக என்னையவே சொல்லலாமா?"

"வாங்க, சேர்ந்து ஏறுவோம். பயப்படாதீங்க" என்று போதகர் அவர் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் போனார். மணி அடித்தது. போதகர் குதித்து வெளியே வந்து, மணி நிற்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். நிற்கவில்லை, உள்ளே ஹெட்மாஸ்டர் இருந்தாரே. போதகர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். அன்று முதல் அவர் அந்தக் கட்டடத்துக்கு வந்தால் படியில்தான் ஏறுவார். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை ஹெட்மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். "குறைச்சுக் காட்டறேன்" என்றார். கூடத்தைப் பெருக்கினார். தபால் பெட்டிகளைத் துடைத்தார். முதல் மாடி நோயாளிக்கு மருந்து வாங்கிவந்து வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினார். தன் குடையை மழையில் வந்த ஒரு பெண்ணுக்குத் தானம் செய்தார். சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி லிஃப்டில் காலை வைத்தார்.

இரண்டாயிரத்து இருநூற்று எண்பது.

"கூடியிருக்கு சார்" என்றேன்.

"எப்படிக் கூடும்? இந்தக் கட்டடத்துல வேற யாராவது இதெல்லாம் செய்வாங்களா?"

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் பதினொரு கிலோ ஏறியது.

வியாழக்கிழமை அவர் என்னைத் தனியே அழைத்தார். "அந்த மணிக்கு ஒரு வயர் இருக்குமே?" என்றார். இருக்கும். வெட்டக் கூடாது. ஆனால் ஒரு ஹெட்மாஸ்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டால் என் வயதிலும் கை தானாக நீள்கிறது. வெட்டினேன். அவர் ஏறினார். மணி அடிக்கவில்லை. அவர் பெருமையாக எட்டாம் எண்ணை அழுத்தினார். லிஃப்ட் சத்தமே இல்லாமல் கீழே போனது. தரைத்தளத்துக்குக் கீழே நான்கடிப் பள்ளம்தான் உண்டு. அதில் கிரீஸும் தண்ணீரும் நிற்கும். இடுப்பு வரை உள்ளே போனதும், "வயரைச் சேர்த்துத் தொலை!" என்று கத்தினார். சேர்த்தேன். ஐந்து பேர் சேர்ந்து அவரை மேலே இழுத்தோம். நல்ல வேளை, பள்ளத்திலிருந்து தரைக்கு வருவதை யாரும் மேலே போவதாக எண்ணவில்லை போலும், எடை தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் மனிதர் இறங்கிவந்தார். "சொல்லிடறேன்" என்றார். பெஞ்சைத் தூக்கி லிஃப்டுக்குள் போட்டு உட்கார்ந்து, மணி அடிக்க அடிக்க, பாவங்களைச் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனது. மீட்டர் குறைந்தது: ஐந்து கிராம். சரியாக ஒரு சாக்பீஸ். ஒரு மாணவனை ஆள் மாற்றி அடித்தது, நாற்பது கிராம். மனைவி பாடினதை நன்றாக இருக்கிறது என்றது, இரண்டு கிராம். ஞாபகசக்தி உள்ளவர். நூற்று நாற்பது பாவம் சொன்னார். மொத்தம் முக்கால் கிலோ.

"இப்படியே போனா இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்றார் களைத்துப்போய்.

அப்போது மேலே பால்கனியிலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. தெருவே நின்றது.

"ஏங்க! சாக்பீஸையே சொல்லிக்கிட்டு இருக்காதீங்க! உங்க தம்பி விஷயத்தைச் சொல்லுங்க!"

ஹெட்மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. வாட்ச்மேன் வாசல் கேட்டைப் பாதி மூடினான், தெரு கேட்காமல் இருக்க.

விஷயம் இதுதான். பதினொரு வருடத்துக்கு முன் அவருடைய அப்பா இதே எட்டாவது மாடியில், இவருடைய வீட்டில், கடைசியாகப் படுத்திருந்தார். இரண்டு நாள் சின்ன மகனையே கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி வேறு ஊரில் பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இவர் சொல்லி அனுப்பவில்லை. அடக்கம் முடிந்து மறுநாள் தம்பி வந்து நின்றபோது, "போன் போட்டேன், கிடைக்கல" என்றார். தம்பி, "பரவாயில்லண்ணே, சில நேரம் கிடைக்காது" என்றான். அதற்குப் பிறகு தம்பி இந்த ஊரிலேயே பேக்கரி வேலைக்கு வந்துவிட்டான். வாராவாரம் சனிக்கிழமை ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவான். ஹெட்மாஸ்டர், தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி அதை வாட்ச்மேனையே சாப்பிடச் சொல்லிவிடுவார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

"ஏன் சார் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மலம் மூத்திரம் எடுத்தது நான். மருந்து ஊத்தினது நான். பக்கத்துலயே உக்காந்திருக்கேன். என் முகத்தை நேரா பாத்து அவன் பேரைக் கூப்பிடறாரு. ஒரு தடவைகூட என் பேரு வரல."

சொல்லிவிட்டு, "சரி, சொல்லிட்டேன். குறிச்சுக்கோ" என்றார்.

முள் அசையவில்லை.

"சொன்னா குறையணுமே?"

"சாக்பீஸ்னா குறையுது சார்."

இங்கே நான் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிஃப்டை மோட்டார் தூக்குகிறது என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சும்மா சக்கரத்தைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். கூண்டுக்குப் பின்னால், கயிற்றின் மறுமுனையில், இரும்புப் பாளங்கள் அடுக்கிய ஒரு சட்டம் தொங்குகிறது. கவுன்ட்டர்வெயிட் என்போம், எதிர் எடை என்றால் எல்லாருக்கும் புரியும். கூண்டு கீழே இருந்தால் அது மேலே இருக்கும். நீங்கள் மேலே போகும்போது அது உங்களுக்காகக் கீழே இறங்குகிறது. ஏறுகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் பலத்தில் எட்டாவது மாடிக்குப் போனவனை நான் முப்பத்தெட்டு வருடத்தில் பார்த்ததில்லை.

ஆகவே எதிர் எடையைக் கூட்டிப் பார்ப்போம் என்றேன். மணிக்கும் எதிர் எடைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் கடிதம் எழுதிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன். வெள்ளிக்கிழமை முழுக்க, குடியிருந்தவர்கள் வீட்டிலிருந்த கனமானதையெல்லாம் எட்டாவது மாடிக்குத் தூக்கிவந்தார்கள். தையல் மெஷின்கள், காலி சிலிண்டர்கள், உடற்பயிற்சிக் குண்டுகள், ஒரு பழைய டிராக்டர் சக்கரம். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் சட்டத்தில் கட்டினேன். மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. ரொட்டியோடு தம்பி வந்தான். இவ்வளவு நாளும் கொடுத்துவிட்டு உடனே போய்விடுகிறவன், அன்று அண்ணன் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான். புருவத்தில் மாவு. ஐம்பத்தோரு கிலோவுக்கு மேல் இருக்காது.

வாட்ச்மேன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவனிடம் கொட்டினான். மணி, மீட்டர், எதிர் எடை, டிராக்டர் சக்கரம். போன் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான். அவனுக்கும் எல்லை தெரியும்.

தம்பி ரொட்டியைப் பெஞ்சில் வைத்தான். என்னைப் பார்த்து, "நான் எங்க உக்காரணும்?" என்றான்.

"இரு இரு" என்று ஹெட்மாஸ்டர் எழுந்துவிட்டார். "இவன் ஏன் சும்மா வந்து உக்காரணும்? நான் முதல்ல ஒண்ணு சொல்லணும். அதக் கேட்டு இவன் யோசிக்கணும். முடியாதுன்னு சொல்லணும். நான் திரும்பத் திரும்பக் கேக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சார், முறைப்படி பாத்தா நீங்க அந்தப் பள்ளத்துலதான் இருக்கணும்" என்றான் வாட்ச்மேன்.

தம்பி அதற்குள் படியேறிவிட்டான். எட்டு மாடியும் ஏறி, மெஷின் அறைக்குள் போய், பின்னாலேயே ஏறிய நான் காட்டியபடி கதவைத் திறந்து அந்தச் சட்டத்தில் இறங்கினான். இதையெல்லாம் செய்யவே கூடாது. நான் ஓய்வுபெற்றுவிட்டதால் சொல்கிறேன். கட்டியிருந்த தையல் மெஷின், சக்கரம் எல்லாவற்றையும் அவிழ்த்து எடுத்துவிட்டோம், உட்கார இடம் வேண்டுமே. நான் கீழே வந்து சேர்ந்ததும் மேலேயிருந்து குரல் வந்தது.

"உக்காந்துட்டேன்!"

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தார். மறு காலையும் வைத்தார்.

சத்தமே இல்லை. மீட்டர்: அறுபத்திரண்டு.

நானும் உள்ளே ஏறி, கேட்டைச் சாத்தி, எட்டை அழுத்தினேன். லிஃப்ட் வெண்ணெயில் போகிற கத்தி மாதிரி ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. கூண்டும் எதிர் எடையும் ஒன்றையொன்று பார்ப்பது ஒரே ஓர் இடத்தில்தான், சரிபாதியில். நான்காவது மாடி தாண்டியதும் பின்பக்கக் கம்பி வலையில் முதலில் இரண்டு செருப்பு தெரிந்தது, பிறகு முழங்கால், பிறகு மாவு படிந்த புருவம். நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மின்சாரம் போய்விட்டதாகப் பிறகு எழுதிக்கொடுத்தேன்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியும் வலையும்.

"டேய்" என்றார் ஹெட்மாஸ்டர். "அன்னைக்கு நான் போன் போடலடா."

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

"அப்பதான் முதமுதல்ல போன் வாங்கியிருந்தேன். யாராவது கூப்பிடுவாங்களான்னு கையிலயே வச்சுக்கிட்டு திரிஞ்சேன். மாவு பிசையறப்பகூட பக்கத்துல வச்சிருந்தேன். அந்த மாசம் மொத்தமும் போன் கம்பெனிக்காரன் ஒருத்தன்தான் கூப்பிட்டான்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் வாராவாரம் ரொட்டி கொண்டாந்தியா?"

"உனக்குச் சர்க்கரை இல்லன்னு எனக்குத் தெரியும்ல."

ஹெட்மாஸ்டர் வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நகம் வரைதான் போயிற்று. அந்த நகத்தைத் தம்பி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான்.

"நான் மேல போனா நீ அந்தக் கிரீஸ் பள்ளத்துலல்ல போய் நிப்பே?"

"நின்னா என்ன? துணி துவைச்சா போகும். நீ மேல போண்ணே, அண்ணி காத்துக்கிட்டிருக்காங்க."

பொத்தானை விடுவித்தேன். எட்டாவது மாடியில் கேட்டைத் திறந்தால் அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"ஒரு வாரம் ஆச்சு வீட்டுக்கு வர. செருப்பை வெளியவே விடுங்க."

ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று வீட்டை எட்டிப் பார்த்தார். மேசை, நாற்காலி, காய்ந்த துணி. எல்லாம் இருந்தது. பிறகு திரும்பி லிஃப்டுக்குள் வந்தார். "கீழ விடு. அவனைக் கூட்டிட்டு வரணும்."

விட்டேன். அவசரத்தில் நாங்கள் யோசிக்கவில்லை. தம்பி இன்னும் எதிர் எடையில்தான் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் செருப்பு, முழங்கால், புருவம் எல்லாம் இப்போது தலைகீழ் வரிசையில் மேலே போயிற்று.

"எங்கண்ணே போறே?"

"உன்னைக் கூப்பிடத்தாண்டா!"

"நான்தான் மேல வந்துட்டிருக்கேனே!"

நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபோது தம்பி உச்சியில். "இறங்கிடாத, நான் வரேன்" என்று கத்திவிட்டு ஹெட்மாஸ்டர் மறுபடி எட்டை அழுத்தினார். நாங்கள் மேலே, அவன் பள்ளத்தில். மறுபடி கீழே, அவன் மேலே. மூன்று முறை இப்படி ஆயிற்று. ஒவ்வொரு முறையும் பாதியில் ஒரு கணம் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. கடைசியில் எட்டாவது மாடியில் வைத்து எனக்குப் பொறுமை போயிற்று.

"யாராவது ஒருத்தர் இறங்கித் தொலைங்கய்யா!"

ஹெட்மாஸ்டர் இறங்கினார். இறங்கி, படியைப் பார்த்தார். "சார், முழங்கால்!" என்றேன். "இறங்கறதுக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்க ஆரம்பித்தார். கீழே வாட்ச்மேன் பள்ளத்துக் கதவைத் திறந்துவிட, கிரீஸோடு தம்பி படியேற ஆரம்பித்தான். நான்காவது மாடித் திருப்பத்தில் சந்தித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. தம்பி முந்திக்கொண்டான்.

"அப்பா கடைசியா என்னண்ணே சொன்னாரு?"

"உன் பேரைத்தாண்டா."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்ப சரி. நான்னு நினைச்சுத்தான் போயிருப்பாரு."

ஹெட்மாஸ்டர் அழுதது ஐந்தாவது மாடி வரை கேட்டது. அங்கே குடியிருந்தவர்கள் தண்ணீர்க் குழாய் என்று நினைத்து எனக்குத்தான் போன் போட்டார்கள்.

பிறகு இருவரும் மெதுவாகக் கீழே வந்தார்கள். ஹெட்மாஸ்டர் பெஞ்சிலிருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டார். சுவரில் இருந்த அறிவிப்பை ஒரு முறை படித்தார். ரொட்டியோடு லிஃப்டில் ஏறினார். பின்னாலேயே தம்பியும் ஏறினான். எதிர் எடையில் வழக்கமான இரும்பைத் தவிர ஒன்றுமில்லை. நான் வெளியே நின்று மீட்டரைப் பார்த்தேன். நூற்றுப் பதின்மூன்று கிலோ நானூறு கிராம். அண்ணன் அறுபத்திரண்டு, தம்பி ஐம்பத்தொன்று, ரொட்டி நானூறு கிராம். ஒரு சாக்பீஸ்கூடக் கூடுதலாக இல்லை. கிரீஸை எப்படிக் கழித்தது என்று தெரியவில்லை.

"வாடா நீயும்" என்றார் வாட்ச்மேனைப் பார்த்து. "ஒரு ரொட்டி மூணு பேருக்குப் போதும்."

அவனும் ஏறினான். மீட்டர் அசையவில்லை. மூன்று பேரும் மேலே போனார்கள்.

இத்தனையும் நடந்த இடத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம், கட்டடம் இன்னும் இருக்கிறது. வாசலில் வாட்ச்மேனும் உண்டு. அந்தக் கட்டடத்துக்குத் தரைத்தளம் மட்டும்தான்.